வீட்டில் தேய்த்த ஹெட்டில் ஓட்டை: அடைப்பதா, காயலான் கடைக்கா?

பிப்ரவரி 4, 2023. கேள்வி, அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர்

என்னிடம் கார்ப்பரேட்டர் வைத்த பழைய மாருதி 800 இருக்கிறது. இன்லெட் போர்ட்டுகளை, அதாவது காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள் போகும் வழிகளை, அகலப்படுத்தினால் இழுவை கூடும் என்று வீடியோக்களில் பார்த்து, சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றித் திண்ணையில் வைத்து நானே தேய்த்தேன். இரண்டாவது சிலிண்டரின் இன்லெட்டில், வால்வை நோக்கி வளைவு திரும்பும் இடத்தில், போர்ட்டின் தரையில் கடுகளவு ஓட்டை விழுந்துவிட்டது. உள்ளே தண்ணீர் போகும் வழி தெரிகிறது. மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் சீட்டில் (புகை வெளியேறும் வால்வு உட்காரும் வளையத்தில்), பர் என்ற சுழலும் வெட்டுமுனை துள்ளி ஒரு கோடும் போட்டிருக்கிறது. எங்கள் ஊர் மெக்கானிக் எம்-சீல் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார். அடைக்கலாம்தானே?

பிப்ரவரி 4, இரவு

கூடாது. எம்-சீல் ஒரு எபாக்சிப் பசை, தண்ணீர்க் குழாய்க்கும் மாடித் தொட்டிக்கும் உரிய சாமான். அதை வைத்துப் பத்து நாள் வண்டி ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். பதினோராம் நாள் எங்கள் பட்டறை வாசலில் நிற்பவர்களும் அவர்கள்தான்.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஓட்டைக்கு ஒரு பக்கம் போர்ட். எஞ்சின் ஓடும்போது அங்கே உறிஞ்சல். மறுபக்கம் 90 டிகிரிச் சூட்டில் தண்ணீர். ரேடியேட்டர் மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தமும் அதோடு சேர்ந்திருக்கிறது. சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்திய பிறகும் அந்த அழுத்தம் உடனே இறங்காது. இன்லெட் வால்வு திறந்த நிலையில் அந்தச் சிலிண்டர் நின்றுவிட்டால், சொட்டுச் சொட்டாகப் பிஸ்டன் தலையில் தண்ணீர் சேரும். காலையில் ஸ்டார்ட்டரை அடிப்பீர்கள். பிஸ்டன் மேலே வரும், தண்ணீரோ சுருங்காது. வளைவது கனெக்டிங் ராடு. அப்புறம் ஹெட்டைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே இருக்காது, முழு எஞ்சினையும் பற்றிப் பேசலாம்.

பிப்ரவரி 5

இரண்டு விஷயம் உடனே. ஒன்று, இனிமேல் ஒரு தேய்ப்புக்கூட வேண்டாம், "கொஞ்சம் சமப்படுத்திவிட்டுக் கொண்டுவருகிறேன்" என்பதும் வேண்டாம். இரண்டு, ஸ்ப்ரே டப்பாவில் வரும் பிரேக் கிளீனரை அடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். அவற்றில் சில குளோரின் கலந்த கரைப்பான்கள். மிச்சம் ஒரு சொட்டு ஓரத்தில் தங்கி, அதன்மேல் வெல்டிங் ஆர்க் பட்டால் ஃபாஸ்ஜீன் கிளம்பும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற வாயு அது. சோப்பும் வெந்நீரும் போதும்.

எதை வைத்துத் தேய்த்தீர்கள்?

பிப்ரவரி 5, மாலை

கை டிரில்லிங் மெஷினாம். நினைத்தேன். டிரில் மெஷின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றைத் தாண்டுவதே பெரிய காரியம். கார்பைடு பர் கேட்பது அதைப் போலப் பல மடங்கு. டை கிரைண்டர் என்று தனியாக ஒரு கருவி இருப்பதே அதற்காகத்தான். மெதுவாகச் சுற்றும் பர் வெட்டாது, கவ்வும். கவ்வினால் துள்ளும். எக்ஸாஸ்ட் சீட்டில் விழுந்த கோட்டுக்கு அதுதான் காரணம். போதாததற்கு அது இரும்பு வெட்டும் பர், நெருக்கமான பல். அலுமினியம் அதில் அப்பிக்கொள்ளும். அப்பியதும் வெட்டவில்லையே என்று கை தன்னையறியாமல் அழுத்தும். அலுமினியத்துக்கு அகலமான பல் வைத்த பர் கிடைக்கிறது, அடிக்கடி மண்ணெண்ணெய் தொட்டுக்கொள்ள வேண்டும்.

தேய்க்கும்போது சீட்டில் பழைய வால்வு ஒன்றை உட்கார வைத்திருந்தால் கோடு வால்வில் விழுந்திருக்கும். பழைய வால்வு ஓசியில் கிடைக்கும் பொருள்.

பிப்ரவரி 7

கோவில்பட்டியிலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: தன் பைக்கின் இன்லெட் போர்ட்டில் எபாக்சி வைத்துத் தரையை உயர்த்தியதாகவும், ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருப்பதாகவும், நான் எபாக்சியை இழிவுபடுத்துவதாகவும்.

இழிவுபடுத்தவில்லை, அண்ணாச்சி. உங்கள் பைக் காற்றில் குளிரும் எஞ்சின். இன்லெட் போர்ட்டில் புதுக் கலவை வந்துகொண்டே இருப்பதால் அங்கே சூடு குறைவு. உலோகத் தூள் கலந்த நல்ல எபாக்சியைப் பந்தய எஞ்சின் செய்பவர்கள் பல காலமாக அப்படிப் பயன்படுத்துகிறார்கள். அது நிரப்பும் வேலை. பின்னால் முழுச் சுவர் இருக்கிறது, தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. இந்தத் தம்பியின் ஹெட்டில் எபாக்சிதான் சுவர். ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் கொதிநீர். அலுமினியம் விரியும் அளவும் எபாக்சி விரியும் அளவும் வேறு வேறு. ஒவ்வொரு முறை எஞ்சின் சூடாகி ஆறும்போதும் விளிம்பு இழுபடும். ஒரு நாள் மயிரிழை விடும், அதற்கப்புறம் மேலே இரவுக் குறிப்பில் எழுதியதுதான்.

எக்ஸாஸ்ட் பக்கம் எபாக்சி என்ற பேச்சே கிடையாது. அதில் நீங்களும் நானும் ஒரே கட்சி.

பிப்ரவரி 8

எங்கே வெல்டிங் செய்வது என்று தம்பி கேட்கிறார். அம்பையிலேயே (அம்பாசமுத்திரம்தான்) ஸ்டெயின்லெஸ் கைப்பிடிச் சட்டமும் கேட்டும் செய்யும் பட்டறையில் ஆர்கான் வாயுவில் வெல்டிங் செய்யும் மெஷின் இருக்கிறதாம், அவர்கள் செய்து தருகிறோம் என்றார்களாம்.

மெஷினின் முகப்பில் ஏ.சி. (திசை மாறும் மின்னோட்டம்) என்ற சுவிட்ச் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். ஸ்டெயின்லெஸுக்கு டி.சி. (ஒரே திசை மின்னோட்டம்) போதும் என்பதால் பெரும்பாலான கேட் பட்டறைகளில் டி.சி. மட்டும் உள்ள மெஷினே இருக்கும். அலுமினியத்தின் மேல் எப்போதும் ஆக்சைடுத் தோல் ஒன்று உண்டு. உலோகம் 660 டிகிரியில் உருகும், ஹெட்டில் உள்ள சிலிக்கான் கலந்த வார்ப்பு அதற்கும் முன்பே. தோலோ 2000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். அதனால் உள்ளே குழம்பாகிவிட்ட பின்பும் மேலே பை போலத் தோல் நிற்கும், உருக்கி நிரப்பும் கம்பி ஒட்டாது. ஏ.சி.யில் மின்னோட்டம் திசை மாறும் ஒவ்வொரு முறையும் அந்தத் தோலை உரித்துக்கொண்டே போகும். டி.சி.யில் சாதாரணமாக வைக்கும் முறையில் அது நடக்காது. இதைத் தெரியாமல் செய்தால் ஓட்டையைச் சுற்றி அழுக்கு மணியாகக் கோர்த்துத் தருவார்கள்.

கம்பி எது என்றும் கேளுங்கள். 4043 என்று சொன்னால் சரி, 5 சதவீதம் சிலிக்கான். 5356 என்று நீட்டினால் வேண்டாம். அது மெக்னீசியம் கலந்தது. சிலிக்கான் வார்ப்புக்கும் ஒத்துவராது, நாள்முழுதும் சூட்டில் கிடக்கும் இடத்துக்கும் ஆகாது.

பிப்ரவரி 8, கூடுதல்

இல்லை, யோசித்துப் பார்த்தேன், பாளையங்கோட்டையில் எங்கள் பட்டறைக்கே கொண்டுவந்துவிடுங்கள். வெல்டிங்குக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய வேலைதான் அதிகம், வெல்டிங் நடுவில் கொஞ்ச நேரம். பஸ்ஸில் கொண்டுவருவதானால் சாக்கில் சுற்றி மடியில் வையுங்கள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டால் வாங்கிவிடுங்கள், சண்டை வேண்டாம்.

பிப்ரவரி 13

ஹெட் வந்தது. ஓட்டையை டார்ச் அடித்துப் பார்த்தேன். தேய்த்த விதத்தில் எனக்குப் பெரிய குறை இல்லை. முதல் முறைக்குக் கை அடக்கமாகவே போயிருக்கிறது. இவ்வளவு கொஞ்சம் எடுத்ததற்கே ஓட்டை விழுந்திருக்கக் கூடாது. அதுதான் உறுத்தியது.

ஹெட்டைத் திருப்பித் தண்ணீர்த் துவாரங்களைப் பார்த்தால் விடை தெரிந்தது. துவாரங்களின் விளிம்பு வட்டமாகவே இல்லை. கரையான் அரித்த கதவு விளிம்பு மாதிரி. வெள்ளைப் பொடி அடையடையாக அப்பியிருக்கிறது. வண்டி முதலில் யாரிடம் இருந்தது என்று கேட்டேன். திசையன்விளைப் பக்கம் ஒருவரிடமாம். போர் தண்ணீரைத்தான் ரேடியேட்டரில் ஊற்றியிருப்பார். அந்தக் கடலோரத்து நிலத்தடி நீரில் உப்பு. உப்பில் உள்ள குளோரைடு அலுமினியத்தின் பாதுகாப்புத் தோலைத் துளைத்துக் குழி குழியாக அரிக்கும். மேலே பரவலாகத் தேயாது, ஒரே இடத்தில் ஆழமாக இறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

ஆகவே தம்பி, பர் வைத்து நீங்கள் ஒரு பக்கம் தேய்த்தீர்கள். இருபது வருடமாக உப்புத் தண்ணீர் மறுபக்கம் தேய்த்திருக்கிறது. நடுவில் சந்தித்துக்கொண்டீர்கள். இப்போது என் கவலை ஓட்டையைப் பற்றியது இல்லை. ஓட்டையைச் சுற்றி எவ்வளவு சுவர் மிச்சம் இருக்கிறது என்பதுதான்.

பிப்ரவரி 14

"தாமிரபரணித் தண்ணீரை ஊற்றலாமா?" என்று தென்காசிக்காரர் ஒருவர் கேட்கிறார். குடிக்க அதைப் போல வேறு தண்ணீர் இல்லை. ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம். பெட்ரோல் பங்கில் பேட்டரித் தண்ணீர் என்று கேனில் விற்கிறார்களே, அந்த வாலைவடிநீர், அதோடு பாதிக்குப் பாதி கூலன்ட். கூலன்ட்டில் துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து இருக்கிறது, அதுவும் காலப்போக்கில் செத்துவிடும். மாற்ற வேண்டும்.

மஞ்சள் பொடி பற்றியும் ஒருவர் கிளப்பியிருக்கிறார். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு கை மஞ்சள் பொடியைக் கொட்டி ஊர் போய்ச் சேர்வது நம் லாரிக்காரர்கள் பலருக்குத் தெரிந்த வைத்தியம். நடுக்காட்டில் நின்றால் நானும் கொட்டுவேன். ஆனால் அது போய் அடைக்கும் இடத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஒழுகும் இடத்தையும் அடைக்கும், ஒழுகாத மெல்லிய குழாய்களையும் அடைக்கும். கடையில் விற்கும் அடைப்பு மருந்துகள் சிலவற்றில் இருப்பது சோடியம் சிலிகேட். 2009-இல் அமெரிக்காவில் பழைய கார்களை அரசே மானியம் கொடுத்து ஒழித்தபோது, எஞ்சின் மறுபடி ஓடாமல் இருக்க எண்ணெயை வடித்துவிட்டு இதைத்தான் ஊற்றி ஓடவிட்டார்கள். சில நிமிடங்களில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். தண்ணீர்ப் பக்கம் ஊற்றினால் மருந்து, எண்ணெய்ப் பக்கம் போனால் நஞ்சு. இந்த ஹெட்டில் அது இன்லெட் வழியாகச் சிலிண்டருக்குள் போகக்கூடிய நிலை. வேண்டாம்.

பிப்ரவரி 18

நீண்ட குறிப்பு. வேலை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் அழுத்தச் சோதனை. ஹெட்டின் அடிப்பக்கத்துத் தண்ணீர்த் துவாரங்களை ரப்பர் ஷீட்டும் இரும்புத் தகடும் வைத்து இறுக்கி, ஒரு துவாரத்தில் மட்டும் டயர் வால்வு பொருத்திக் காற்று ஏற்றி, வெந்நீர்த் தொட்டியில் இறக்கினோம். தண்ணீர் சுடச்சுட இருக்க வேண்டும். ஆறிய ஹெட்டில் மூடிக்கொண்டிருக்கும் விரிசல் சூட்டில்தான் வாய் திறக்கும். தம்பியின் ஓட்டையைத் தற்காலிகமாக ரப்பர் வைத்து அழுத்திப் பிடித்துப் பார்த்ததில் வேறெங்கும் குமிழ் வரவில்லை. சரி, துணியலாம் என்று முடிவு செய்தோம்.

அடுத்தது, இரண்டாவது சிலிண்டரின் இன்லெட் சீட்டைக் கழற்றுவது. ஓட்டை வளைவுக்குள் இருப்பதால் போர்ட் வாய் வழியாக வெல்டிங் டார்ச் எட்டாது. சீட் இருந்த பள்ளத்தின் வழியாகத்தான் எட்டும். சூட்டில் சீட் தளர்ந்து சாயவும் கூடும் என்பதால் எப்படியும் எடுக்க வேண்டியதுதான். சீட்டை எடுக்க ஒரு பழைய வித்தை இருக்கிறது. சீட்டின் உள்வட்டத்தில் சுற்றிலும் ஒரு கோடு இரும்பு வெல்டிங் போட்டுவிட வேண்டும். வெல்டிங் ஆறும்போது சுருங்கும், சீட்டையும் சேர்த்துச் சுருக்கும். கொஞ்ச நேரத்தில் "டிக்" என்று ஒரு சத்தம், விரலால் எடுத்துவிடலாம். உளி வைத்து நெம்பினால் அலுமினியப் பள்ளம் காயப்படும்.

அடுப்பில் வைத்து எண்ணெயை விரட்டினோம். வார்ப்பின் நுண்துளைகளில் ஊறிய எண்ணெய் லேசில் போகாது. போகாவிட்டால் உருகிய குட்டையில் கறுப்புப் புள்ளி புள்ளியாகக் கொப்பளிக்கும், ஆறிய பிறகு தேன்கூட்டைப் பார்ப்பீர்கள். எண்ணெயிலும் ஈரத்திலும் இருக்கும் ஹைட்ரஜன் உருகிய அலுமினியத்தில் கரைந்து, இறுகும்போது வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொள்வதுதான் அது.

பிறகு ஓட்டையைப் பெரிதாக்கினோம். பதறாதீர்கள். மெலிந்த விளிம்பில் வெல்டிங் வைத்தால் விளிம்பே விழுந்துவிடும். கெட்டியான உலோகம் வரும்வரை சாய்வாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். கடுகு மிளகாயிற்று, மிளகு சுண்டைக்காயாயிற்று. எதிர்பார்த்ததைவிடத் தூரம் போக வேண்டியிருந்தது. அப்போதே தம்பியிடம் சொன்னேன், எனக்கு முழு நம்பிக்கை இல்லை என்று. செய்யுங்கள் என்றார்.

ஹெட்டைக் கனத்த இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கி, 200 டிகிரிக்குச் சூடேற்றி, வெல்டிங். எங்களிடம் வெல்டிங் செய்பவர் என்னைவிட வயதில் மிக இளையவர், கை என்னைவிட நிதானம். அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது. வெள்ளியாகவே இருக்கும், பளபளப்பு கூடும், சட்டென்று பொத்தல் விழும். பின்னால் தண்ணீர் வழி வெற்றிடமாக இருப்பதால் தாங்க ஒன்றுமில்லை. அவர் விளிம்பிலிருந்து விளிம்பாகச் சிறு சிறு பொட்டு வைத்து, ஒவ்வொன்றும் இறுகக் காத்து, ஓட்டையைச் சுருக்கிக்கொண்டே வந்து நடுவில் மூடினார். முடித்ததும் ரைஸ் மில் சாம்பலில் புதைத்து வைத்தோம். மெதுவாக ஆறட்டும்.

பிப்ரவரி 19

கோவையில் வார்ப்பாலையில் வேலை பார்க்கும் ஒருவர் நேற்றைய 200 டிகிரியைப் பிடித்துக்கொண்டார். இப்படிப்பட்ட வார்ப்புகளைக் கடினப்படுத்துவதே 540 டிகிரிப் பக்கம் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து, பிறகு 155 டிகிரிப் பக்கம் மணிக்கணக்கில் வைத்துத்தான். அதைத் தாண்டிய சூட்டில் நெடுநேரம் வைத்தால் கடினம் இறங்கிக்கொண்டே போகும் என்கிறார். நியாயம். எனவே நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்: 150 போதும், 200 என்றால் வெல்டிங் நேரத்துக்கு மட்டும். எண்ணெய் விரட்டும்போதும் இந்தக் கணக்கு உண்டு.

வெல்டிங் வைத்த இடம் எப்படியும் மெத்தென்று ஆகிவிடும். போர்ட் தரையில் அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஹெட்டுக்கு அடியில் வரும் கேஸ்கட்டின் நெருப்பு வளையம் உட்காரும் இடத்தில் என்றால் யோசிப்பேன், அங்கே மெத்தென்ற உலோகம் அமுங்கி மறுபடி கேஸ்கட் போகும்.

வெப்பமானி இல்லாதவர்களுக்கு: துணி சோப்பை ஹெட்டின் மேல் ஒரு கோடு இழுத்து வையுங்கள். கோடு கறுத்தால் எல்லை தாண்டி வெகுதூரம் போய்விட்டீர்கள்.

பிப்ரவரி 20

சாம்பலிலிருந்து எடுத்தோம். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டை உள்ளே செலுத்தி விரலால் சுற்றினால் தாராளமாகச் சுற்றுகிறது. இந்த எஞ்சினில் கேம் ஹெட்டுக்குள்ளேயே படுத்திருப்பதால் ஹெட் வளைந்தால் கேம் இறுகும். அடிப்பக்கத்தை மட்டம் தட்டிவிட்டு, மேலே கேம் இறுகுவதைக் கவனிக்காமல் பூட்டி அனுப்பும் ஆட்கள் உண்டு. ஹெட்டின் அடிமுகத்தில் நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்ததில் 0.05 மி.மீ. தகடு நுழையவில்லை. தகட்டில் இறுக்கியதன் பலன்.

எல்லாம் நன்றாகத்தான் போகிறது.

பிப்ரவரி 21

போகவில்லை. மறுபடி வெந்நீரில் இறக்கினால், வெல்டிங் வைத்த இடம் ஒரு குமிழ்கூட விடவில்லை. மூன்றாவது சிலிண்டரின் இன்லெட் கூரையில், பர் தொட்டே இராத இடத்தில், நூல் பிடித்தாற்போல் குமிழ் வரிசை. சூட்டில் உள்ளே அடைத்திருந்த உப்பு அடை உதிர்ந்து, அதுவரை அடைபட்டிருந்த குழி திறந்துகொண்டது என்று நினைக்கிறேன். வெல்டிங்குக்கு முந்தைய சோதனையில் அந்த இடத்தில் குமிழ் வரவில்லை.

அதையும் வெல்டிங் வைக்கலாம் என்றார் தம்பி. வைக்கலாம். அதற்கடுத்தது எங்கே திறக்கும் என்று இரண்டு பேரும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். காயலான் கடையில் வேறு ஹெட் பார்க்கச் சொல்லிவிட்டேன். மாருதி 800 இந்த நாட்டில் 1983 முதல் 2014 வரை ஓடிய உற்பத்தி; ஹெட்டுக்குப் பஞ்சமில்லை.

பிப்ரவரி 24

பழைய ஹெட்டை பேண்ட்சா ரம்பத்தில் வைத்துப் போர்ட்டின் நடுவே அறுத்தோம். தம்பி முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனால் கேட்டதே அவர்தான்.

வெட்டு முகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடுகிறது. போர்ட் பக்கம் வழவழப்பு. தண்ணீர்ப் பக்கம் அம்மைத் தழும்பு. நல்ல இடத்தில் சுவர் நாலரை மி.மீ. கனம். வெல்டிங்கை ஒட்டி, நாங்கள் கெட்டி என்று நினைத்து நிறுத்திய இடத்திலேயே, இரண்டு மி.மீ.க்கும் கீழே. மூன்றாவது போர்ட்டின் கூரையில் ஒரு குழி, பென்சில் முனை போல உள்ளிருந்து கூம்பி வந்து போர்ட் பக்கம் ஊசித் துவாரமாக முடிகிறது. வெல்டிங்கின் வெட்டு முகமும் பார்த்தேன்: இரண்டு சிறு காற்றுக் குமிழ் தவிரக் கெட்டியாக இருந்தது. வெல்டிங் செய்தவர் அந்தத் துண்டை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

அம்பைத் தம்பிக்கு மட்டும் அல்ல, போர்ட் தேய்க்கத் துடிக்கும் எல்லாருக்கும்: முதலில் ஒரு செத்த ஹெட் வாங்கி அறுத்துப் பாருங்கள். எங்கே கனம், எங்கே மெலிவு, தண்ணீர் எந்த வழியாக வளைகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு உங்கள் கை தானாக அடங்கும். சுவரின் கனத்தை ஒலி அலையால் அளக்கும் கருவியும் உண்டு. வளைந்த மேற்பரப்பில் அதை நம்பிப் படிக்கப் பழக்கம் வேண்டும்.

பிப்ரவரி 27

"அப்படியானால் போர்ட் தேய்ப்பதே வீண் என்கிறீர்களா?" என்று கோவில்பட்டி அண்ணாச்சி மறுபடி.

பெரிதாக்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். நாற்பது குதிரைத்திறனைக்கூட எட்டாத கார்ப்பரேட்டர் எஞ்சின் இது. போர்ட்டை அகலமாக்கினால் குறைந்த சுற்றில் காற்றின் வேகம் இறங்கும், பெட்ரோல் துளிகள் சரியாகக் கலக்காமல் சுவரில் படியும். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவில் உங்களுக்கு வேண்டியது குறைந்த சுற்றில் இழுவை. ஐயாயிரம் சுற்றில் கிடைக்கப்போகும் அரைக் குதிரைக்காக இரண்டாயிரம் சுற்றில் இருப்பதை விற்றுவிடாதீர்கள்.

பயன் கிடைப்பது சீட்டுக்குக் கீழே உள்ள கிண்ணத்தில். அங்கே சீட்டும் வார்ப்பும் சந்திக்கும் இடத்தில் ஒரு படி நிற்கும். அதைக் கரைத்தாலே பாதி வேலை முடிந்தது. தொண்டையின் (சீட்டை ஒட்டிப் போர்ட் குறுகும் இடத்தின்) குறுக்களவு வால்வின் குறுக்களவில் 85 முதல் 90 சதவீதத்துக்குள் நிற்கட்டும். வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடைச் சுற்றியுள்ள திமிலை மெலிதாக்கலாம், அடியோடு எடுக்கக் கூடாது. கைடுக்கு அதுதான் பிடிமானம், வால்வின் சூடு இறங்கும் வழியும் அதுவே. மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் வாயில் விளிம்புகளை ஒன்றாக்குங்கள். உள்வளைவை மட்டும் தாழ்த்தாதீர்கள். எல்லாரும் கைவைப்பது அங்கேதான், ஏனென்றால் பர் சுலபமாக எட்டும் இடம் அது. காற்று திரும்ப முடியாமல் சுவரை விட்டுப் பிரிவதும் அங்கேதான், தண்ணீர் வழி நெருங்கி வருவதும் அங்கேதான்.

இன்லெட்டைக் கண்ணாடியாக மெருகேற்ற வேண்டாம். 80 நம்பர் உப்புத்தாள் விட்ட சொரசொரப்பு கார்ப்பரேட்டர் வண்டிக்கு நல்லது. எக்ஸாஸ்ட்டை வேண்டுமானால் மினுக்குங்கள், கரி படிவது குறையும்.

மார்ச் 4

மாற்று ஹெட் கிடைத்து, வெந்நீர்ச் சோதனையில் தேறியது. பழைய அனுபவத்தால் இரண்டு முறை இறக்கினோம், சூடாக்கி ஆறவிட்டு மறுபடி சூடாக்கி.

வால்வு வேலை. கைடு ஆடினால் முதலில் கைடை மாற்றுங்கள். சீட் வெட்டும் கருவியின் தண்டு கைடுக்குள் நின்றுதான் மையம் பிடிக்கிறது. ஆடும் கைடில் நின்று வெட்டிய சீட் வட்டமாக இருக்காது. 45 டிகிரி முகம், அதற்கு மேலும் கீழும் வேறு கோணங்களில் ஒவ்வொரு வெட்டு, இடையில் ஒன்றரை மி.மீ.க்குப் பக்கமாக ஒரு சாம்பல் வளையம் மட்டும் மிஞ்ச வேண்டும். நீல மை தடவி வால்வை அழுத்தி எடுத்தால் வளையம் முறியாமல் பதிய வேண்டும். பிறகு வால்வைப் போட்டு, போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். திரும்பி வரும்போது பெட்ரோல் எரியும் அறைப் பக்கம் காய்ந்திருந்தால் சரி.

தம்பியின் முதல் கேள்வியில் இருந்த எக்ஸாஸ்ட் சீட் கோடு பற்றிப் பலர் கேட்டார்கள். அது ஆழம் குறைவு, அந்த ஹெட் தப்பியிருந்தால் வெட்டியே எடுத்திருக்கலாம். ஆனால் வெட்ட வெட்ட வால்வு உள்ளே இறங்கும், மறுபக்கம் தண்டு உயரும், ஸ்பிரிங் தளரும். வால்வை அழுத்தும் ராக்கரின் ஸ்குரூவில் இடைவெளியைச் சரிசெய்துவிடலாம். ஸ்பிரிங்குக்கு அடியில் வளையம் வைக்காவிட்டால் அதிகச் சுற்றில் வால்வு நேரத்துக்கு மூடாமல் மிதக்கும். ஆழக் கோடு என்றால் புதுச் சீட்தான். ஹெட்டைச் சூடாக்கி, சீட்டை உலர்பனியில் உறைய வைத்து ஒரே தட்டில் இறக்க வேண்டும். உலர்பனி கிடைக்காவிட்டால் ஃப்ரீசரில் இரவு முழுவதும் வைத்து, ஹெட்டில் கொஞ்சம் கூடுதல் சூடு. வீட்டு ஃப்ரீசரில் வைத்தால் எண்ணெய் போகக் கழுவி வையுங்கள். எங்கள் வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது.

அடிமுகத்தை மட்டமாக்க 0.1 மி.மீ.க்கும் குறைவாகவே சீவி ஃபேஸிங் எடுத்தோம். 0.3 எடுத்தால்கூட 68.5 மி.மீ. உள்விட்டமுள்ள இந்தச் சிலிண்டரில் அறைக்கு ஏறக்குறைய ஒரு சி.சி.தான் குறையும். அதற்காகக் கம்ப்ரஷன் எகிறிவிடும் என்று பயப்படுபவர்களுக்குச் சொல்கிறேன்.

மார்ச் 12

வள்ளியூரிலிருந்து ஒரு அண்ணாச்சி இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு, புல்லட் 350-இன் ஹெட்டோடு வந்து நின்றார். எக்ஸாஸ்ட் போர்ட்டைத் தேய்த்ததில் வெளிச்சுவர் பொத்துக்கொண்டு குளிர்விக்கும் தகடுகளான ஃபின்னுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறது. "எனக்கும் காயலான் கடைதானா?" என்றார், பயந்துகொண்டே.

இல்லை, இது சுலபம். தண்ணீரே இல்லாத ஹெட், உள்ளிருந்து யாரும் அரிக்கவில்லை, சுவர் சுற்றிலும் முழுக் கனத்தில் இருக்கிறது. ஓட்டையும் வெளிப்பக்கம், வெல்டிங் டார்ச் நேராக எட்டும். குறுக்கே நின்ற ஒரு ஃபின்னைக் கொஞ்சம் அறுத்தோம், சாய்வாக வெட்டினோம், உள்ளே செம்புத் துண்டு ஒன்றை அணைத்து வைத்தோம். அலுமினியம் செம்போடு சட்டென ஒட்டாது, சூட்டையும் இழுத்துக்கொள்ளும். 4043 கம்பி, 150 டிகிரி. போர்ட் பக்கம் திரும்பச் சமப்படுத்தியபோது எங்கே ஓட்டை இருந்தது என்று அவராலேயே காட்ட முடியவில்லை.

மார்ச் 19

புல்லட் ஓடுகிறது, காவல்கிணறு வரை போய்வந்தாராம், பொத்தல் இருந்த இடத்தில் கரிக்கோடு எதுவும் இல்லை. இப்போது அவர் கேள்வி, அறுத்த ஃபின்னைத் திரும்ப ஒட்ட வேண்டுமா என்பது. வேண்டாம். விரலளவு ஃபின் குறைந்ததால் எஞ்சின் கொதிக்காது, ஒட்டப் போனால் அதே இடத்துக்கு இரண்டாம் முறை சூடு. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்றால் மற்ற பக்கம் திருப்பி நிறுத்தட்டும்.

அம்பைத் தம்பி வண்டியைப் பூட்டிவிட்டார். கூலன்ட் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறார். முதலில் நிறையும் வரை ஊற்றுங்கள், ஹீட்டர் குமிழைச் சூட்டுப் பக்கம் திருப்பி, மூடியைத் திறந்து வைத்தே ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள், மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். கேனில் மிஞ்சுவதை வண்டியிலேயே வையுங்கள். போர் தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் டிக்கியிலிருந்து எடுத்துவிடுங்கள்.